தீட்சிதர் குடும்பமும் பிற இசை மரபுகளும்

முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர். அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதரும் (1735-1817) தம்பியரான சின்னசுவாமி, பாலுசுவாமி ஆகிய இருவரும் இசைக்கலைஞர்கள். வேங்கடமகி மரபின் மேள முறையை உறுதியாகப் பேணிய குடும்பம் என இசை வரலாற்றில் இவர்கள் அறியப்படுகிறார்கள். அதே குடும்பம்தான் தன் காலத்தில் காதில் விழுந்த பிற இசைகளையும் விருப்பத்துடன் கேட்டு ஏற்றுக்கொண்டது. காசியில் கேட்ட வடஇந்திய இசை, சென்னையில் கேட்ட ஆங்கிலேயர்களின் வாத்திய இசை ஆகிய இரண்டும் இக்குடும்பத்தின் வழியாகக் கர்நாடக இசைக்குள் வந்தன. இன்று கச்சேரி மேடையில் தவிர்க்க முடியாததாக உள்ள வயலின், யமுனா கல்யாணி போன்ற ராகங்கள், நொட்டு ஸ்வரங்கள் எனப்படும் பாடல்கள் ஆகிய மூன்றும் அவ்வாறு வந்தவை. இம்மூன்றையும் கர்நாடக இசையுலகம் ஒரே விதமாக ஏற்கவில்லை.

குடும்பப் பின்னணி

ராமசுவாமி தீட்சிதர் தஞ்சாவூர் வீரபத்திரய்யாவிடமும், பின்னர் வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடமும் இசை பயின்றார். திருவாரூரில் குடியேறி, தியாகராஜசுவாமி கோயிலின் இசை வழிபாட்டு முறைகளை ஒழுங்குபடுத்தினார் என்று கூறப்படுகிறது. 108 ராகங்களையும் தாளங்களையும் கொண்ட ராகதாளமாலிகை ஒன்றை இயற்றினார். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவராகவும் அவரைக் குறிப்பிடுவர். மரபைக் கசடறக் கற்றவரே புதிய ராகத்தையும் படைத்தார் என்பது இக்குடும்பத்தின் இயல்பைக் காட்டும் முதல் செய்தி.

முத்துசுவாமி 1775-ல் திருவாரூரில் பிறந்தார். சின்னசுவாமி 1778-லும் பாலுசுவாமி 1786-லும் பிறந்தனர். மூவருக்கும் முதல் ஆசிரியர் தந்தையே.

மணலியும் கோட்டை இசையும்

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியின் ஜமீன்தாரான முத்துக்கிருஷ்ண முதலியார் திருவாரூருக்கு வந்தபோது ராமசுவாமி தீட்சிதரின் இசையைக் கேட்டு, அவரைக் குடும்பத்துடன் மணலிக்கு அழைத்துச் சென்றார். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் (சின்னையா முதலியார்) தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார். மணலி முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷிகளாக, அதாவது மொழிபெயர்ப்பாளர்களாகவும் இடைத்தரகர்களாகவும் இருந்தவர்கள். ஆகவே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் சென்றுவர அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது.

கோட்டையில் கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியக் குழு இசைத்து வந்தது. படைவீரர்களில் ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் நிறைய இருந்தனர். அதனால் அணிவகுப்பு இசையோடு அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடன மெட்டுகளும் அங்கே ஒலித்தன. வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று அந்த இசையைக் கேட்கச் செய்தார். இன்றைய சொல்லில் அது 'செவ்வியல்' இசை அன்று. படைவீரர்கள் நடக்கவும் ஆடவும் பயன்பட்ட எளிய இசை. கோயில் இசையில் ஊறிய ஒரு குடும்பம் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவர்கள் பொருட்படுத்திக் கேட்டார்கள் என்பதே இவ்வரலாற்றின் தொடக்கம்.

வயலின்

பாலுசுவாமி தீட்சிதருக்கு ஐரோப்பிய இசையில் ஆர்வம் ஏற்பட்டதைக் கண்ட முதலியார், ஐரோப்பிய வயலின் கலைஞர் ஒருவரை அமர்த்தி அவருக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பாலுசுவாமி மூன்றாண்டுகள் பயின்றார். பின்னர் அக்கருவியில் கர்நாடக இசையை வாசிக்கத் தொடங்கினார். இச்செய்தி பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் (1839-1906) எழுதிய குறிப்புகளின் வழியாகக் கிடைக்கிறது.

வயலினில் வீணையைப் போல மெட்டுகள் இல்லை. விரலைத் தந்தியின் மேல் தடையின்றி நகர்த்த முடியும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வதும், ஒரே ஸ்வரத்தை அசைப்பதும் கர்நாடக இசையின் உயிரான கமகங்கள். அவற்றை வயலினில் இயல்பாக வாசிக்கலாம். வில் ஓடும்வரை ஒலி நீடிப்பதால் பாடகரின் குரலைத் தொடர்ந்து செல்லவும் முடியும். கருவியைக் கையாளும் முறையும் நாளடைவில் மாறியது. ஐரோப்பியர் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ தோளில் தாங்கி வாசிப்பர். கர்நாடக இசைக்கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் ஊன்றி வாசிக்கிறார். தலைப்பகுதி இவ்வாறு ஊன்றப்படுவதால் இடக்கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை. அது தந்தியின் மேல் விருப்பம்போல் ஏறி இறங்குகிறது. தந்திகளும் ஸட்ஜம், பஞ்சமம் என்ற முறையில் பாடகரின் சுருதிக்கு ஏற்பச் சேர்க்கப்படுகின்றன.

பாலுசுவாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வானாக விளங்கினார். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு வயலினில் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) மேற்கத்திய இசையில் ஈடுபாடு கொண்டு அரண்மனையில் பேண்டு குழுவை வைத்திருந்ததும் இக்கருவி பரவ உதவியது. ஆகவே வயலினின் வருகையை ஒரே ஒருவரின் செயலாகக் கருத முடியாது. எனினும் கர்நாடக இசைக்காக அதை முறையாகப் பயின்றவர்களில் பாலுசுவாமியே முதன்மையாகக் குறிப்பிடப்படுகிறார்.

காசி வாழ்க்கையும் வடஇந்திய ராகங்களும்

மணலியில் இருந்த நாட்களில் சிதம்பரநாத யோகி என்னும் துறவி முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். முத்துசுவாமி அங்கே சில ஆண்டுகள் தங்கி வேதாந்தமும் ஸ்ரீவித்யா உபாசனையும் பயின்றார். யோகி காசியிலேயே மறைந்தார். கங்கையில் இறங்கிய முத்துசுவாமியின் கையில் வீணை ஒன்று வந்து சேர்ந்தது என்ற தொன்மக் கதையும் இக்காலத்தைப் பற்றி வழங்குகிறது.

காசியில் அவர் யாரிடம் இந்துஸ்தானி இசை கேட்டார் என்பதற்கு நேரடிச் சான்றுகள் இல்லை. கேட்டார் என்பதற்கு அவருடைய கிருதிகளே சான்று. திருவானைக்காவல் நீர்த்தலத்தைப் பற்றிய 'ஜம்பூபதே' யமுனா கல்யாணியில் அமைந்தது. இது வடக்கின் யமன் கல்யாணைத் தழுவிய ராகம். 'பரிமள ரங்கநாதம்' ஹமீர் கல்யாணியிலும், 'சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்' த்விஜாவந்தியிலும், நாகப்பட்டினத்துப் பெருமாளைப் பாடும் 'சௌந்தரராஜம்' பிருந்தாவன சாரங்காவிலும் அமைந்தவை. த்விஜாவந்தி வடக்கில் ஜெய்ஜெய்வந்தி எனப்படுகிறது.

இக்கிருதிகள் வடஇந்தியப் பாடல்களின் நகல்கள் அல்ல. ராகத்தின் சாயல் வடக்கிலிருந்து வந்தது. சமஸ்கிருத சாகித்யம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு, தலத்தின் பெயரையும் 'குருகுஹ' முத்திரையையும் வைக்கும் வழக்கம் ஆகியவை தீட்சிதருடையவை. அவருடைய பாடல்கள் பெரும்பாலும் சௌக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில் செல்கின்றன. இதில் துருபத் இசையின் தாக்கம் உண்டு என ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். வீணை வாசிப்பில் அவருக்கிருந்த பயிற்சியையும் இதற்குக் காரணமாகக் கூறுவதுண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப்பட்டதாக நிற்கவில்லை. ராமசுவாமி தீட்சிதரின் ஹம்ஸத்வனி 20-ஆம் நூற்றாண்டில் வடக்கே சென்றது. பெண்டிபஜார் கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அமான் அலி கான் அதை இந்துஸ்தானி இசையில் பரவலாக்கினார். முத்துசுவாமியின் 'வாதாபி கணபதிம்' மூலம் தெற்கே புகழ்பெற்ற அந்த ராகம் இன்று வடக்கின் மேடைகளிலும் பாடப்படுகிறது.

நொட்டு ஸ்வரங்கள்

கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இவை நொட்டு ஸ்வர சாகித்யங்கள் எனப்படுகின்றன. 'நோட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நொட்டு என்று மருவியது. ஏறத்தாழ 40 பாடல்கள் கிடைத்துள்ளன.

இவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டனின் 'காட் சேவ் தி கிங்' மெட்டில் அமைந்தது. அரசரை வாழ்த்தும் இசைக்கு இங்கே தேவியை வேண்டும் சொற்கள் அமர்ந்தன. 'வந்தே மீனாட்சி' அயர்லாந்தின் 'லிமெரிக்' என்ற மெட்டைக் கொண்டது. 'ச்யாமளே மீனாட்சி' பாடலின் மெட்டு பிரான்சில் தோன்றியது. குழந்தைகள் இன்று 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' என்று பாடுவதும் அதே மெட்டையே.

நொட்டு ஸ்வரங்களின் அமைப்பு தீட்சிதரின் பிற படைப்புகளிலிருந்து வேறுபட்டது. அவை சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் என்னும் வரிசையும் இதே ஸ்வரங்களைக் கொண்டது. ஆயினும் அவற்றைச் சங்கராபரண ராகம் என்று சொல்லிவிட முடியாது. ராகத்துக்குரிய கமகங்களும் பிடிப்புகளும் அவற்றில் இல்லை. ஸ்வரங்கள் அசையாமல் நேராக நிற்கின்றன. தாளம் ஏக தாளத்தின் திஸ்ர அல்லது சதுஸ்ர வகையாக எளிமையாக உள்ளது. பாடல்கள் சில வரிகளிலேயே முடிந்துவிடுகின்றன. அந்நிய மெட்டைக் கர்நாடக இசையாக மாற்ற தீட்சிதர் முயலவில்லை. மெட்டை அதன் இயல்பிலேயே விட்டு, தம் மொழியையும் தம் தெய்வங்களையும் அதற்குள் வைத்தார். அச்சொற்கள் சிக்கலான ஒலிகளின்றி மெட்டின் அசைகளுக்குப் பொருந்தி வருவதைப் பாடிப் பார்ப்பவர் உணரலாம்.

மரபுக்குள் அரியவை

தீட்சிதரின் தேடல் வெளியிலிருந்து வந்த இசையோடு நிற்கவில்லை. தம் மரபுக்குள்ளும் அதிகம் பாடப்படாதவற்றை அவர் தேடிச் சென்றார். வேங்கடமகி மரபின் 72 மேளங்களில் பல, பாடுவதற்குக் கடினமான விவாதி ஸ்வரச் சேர்க்கைகளைக் கொண்டவை. நடைமுறையில் அவை பெரும்பாலும் ஏட்டளவில் இருந்தன. கனகாம்பரி போன்ற அம்மேள ராகங்களில் அவர் கிருதிகள் இயற்றினார். சில ராகங்களின் வடிவத்தை இன்று அறிய அவருடைய ஒரு கிருதியே ஆதாரமாக உள்ளது.

தாளத்திலும் இதே நாட்டம் தெரிகிறது. சூரியன் முதல் சனி வரையிலான ஏழு கிரகங்களைப் பற்றிய கிருதிகளை ஏழு சூளாதி தாளங்களில் அமைத்தார். பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் எழுதியவர், ஸ்ரீராகத்தில் அமைந்த 'ஸ்ரீ அபயாம்பா' போன்ற சில பாடல்களில் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் மணிப்பிரவாளமாகக் கலந்தார்.

அச்சேறிய வரலாறு

முத்துசுவாமி தீட்சிதர் 1835 அக்டோபர் 21-ஆம் நாள், தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய பாடல்கள் குடும்பத்தாரிடமும் மாணவர் பரம்பரையிலும் வாய்மொழியாகவும் ஏடுகளாகவும் இருந்தன. அவற்றை அச்சுக்குக் கொண்டுவரத் தூண்டியவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். அவர் கிறிஸ்தவர், சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். தென்னிந்திய இசையை ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பு முறையில் எழுதி 1893 முதல் வெளியிட்டார். அம்முயற்சிக்காகத் தம் செல்வத்தையும் பார்வையையும் இழந்தார். தீட்சிதரின் கிருதிகளைப் பெறுவதற்காகச் சுப்பராம தீட்சிதரை அணுகி, அவற்றை வெளியிட வேண்டுமென எட்டயபுரம் அரசரிடமும் வேண்டினார்.

அதன் விளைவாகச் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. கமகங்களைக் காட்டத் தனிக் குறியீடுகள் கொண்ட பெருநூல் அது. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் வெளியிட்டது. மேற்கத்திய இசையைக் கேட்ட குடும்பத்தின் பாடல்கள், மேற்கத்திய ஸ்வரக்குறிப்பைக் கற்ற ஒருவரின் தூண்டுதலால் காக்கப்பட்டன.

நொட்டு ஸ்வரங்களில் பெரும்பகுதியைச் சுப்பராம தீட்சிதர் தொடக்கநிலை மாணவர்களுக்காக எழுதிய 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்னும் நூலில் சேர்த்தார். கமகம் இல்லாத எளிய மெட்டுகள் என்பதால் சிறுவர் பாடங்களுக்கு அவை பொருந்தின. அவை அழியாமல் நின்றதற்கு அதுவே காரணம். கச்சேரியில் இடம்பெறாமல் போனதற்கும் அதுவே காரணமாயிற்று. குழந்தைப் பாடம் என்ற பெயர் அவற்றின்மேல் நிலைத்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவை தீட்சிதர் மரபைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே நன்கு தெரிந்தவையாக இருந்தன. அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் இவற்றை ஆய்வு செய்து ஒலிப்பதிவாகவும் வெளியிட்ட பின் பொதுக் கேட்போரின் கவனம் இவற்றின் மேல் திரும்பியது.

பிற்காலத் தொடர்ச்சி

மேற்கத்திய இசையின் சாயல் தீட்சிதர் குடும்பத்தோடு முடியவில்லை. தியாகராஜரின் 'வரலீல கானலோல' போன்ற சில பாடல்களில் பேண்டு இசையின் நடை தெரிகிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' கதனகுதூகல ராகத்தில் அதேபோன்ற துள்ளலைக் கொண்டது. மதுரை மணி ஐயர் (1912-1968) கச்சேரிகளில் பாடிய 'இங்கிலீஷ் நோட்' ரசிகர்கள் விரும்பிக் கேட்ட உருப்படியாக இருந்தது.

கருவிகளிலும் வயலினைப் பின்பற்றி வேறு சில வந்தன. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும், யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினையும் கர்நாடக இசைக்குரிய தனிக்கருவிகளாக நிலைநாட்டினர்.

எல்லாக் கருவிகளுக்கும் அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது. அதன் கட்டைகள் நிலையான ஸ்வரங்களை மட்டுமே தருவதால் கமகங்களை வாசிக்க முடியாது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட இசைசார்ந்த காரணம். அது அந்நியக் கருவி என்ற வாதமும் உடன் சேர்ந்திருந்தது. 1970-களில்தான் அத்தடை தளரத் தொடங்கியது. அதே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின், தடைக்காலம் முழுவதும் அதே வானொலியில் தினந்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான பழக்கத்தால் அது அந்நியம் என்பதையே கேட்போர் மறந்திருந்தனர்.

மதிப்பீடு

தீட்சிதர் குடும்பம் பிற இசையை ஏற்றதில் மூன்று முறைகள் தெரிகின்றன. வயலினில் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் இசையை விட்டுவிட்டனர். வடஇந்திய ராகங்களில் இசையின் சாயலை எடுத்துத் தம் கிருதி வடிவத்துக்குள் கரைத்தனர். நொட்டு ஸ்வரங்களில் மெட்டை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டனர். முதல் இரண்டும் மரபின் மையத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவது நெடுங்காலம் ஓரத்தில் நின்றது. மரபு தன்னைப்போல் மாறிவிட்டதை எளிதில் ஏற்கிறது, மாறாமல் நிற்பதைத் தயக்கத்துடனேயே பார்க்கிறது என்பதை இம்மூன்றின் வரலாறு காட்டுகிறது.

கர்நாடக இசையில் தூய்மை பற்றிய விவாதங்கள் இன்றும் நிகழ்கின்றன. தூய்மைக்குச் சான்றாக அவ்விவாதங்களில் அடிக்கடி சுட்டப்படுவது தீட்சிதர் மரபு. அந்த மரபின் பாடாந்தரத்தைப் பேணும் கச்சேரியிலும் பாடகருக்கு அருகே வயலின் இருக்கிறது. அங்கே 'ஜம்பூபதே' பாடப்பட்டால் காசியில் கேட்ட ராகத்தின் சாயலும் சேர்ந்து ஒலிக்கிறது. தம் இசையில் ஆழமாகக் காலூன்றியிருந்ததால் தீட்சிதர்கள் பிற இசையைக் கேட்க அஞ்சவில்லை. எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கும் தெளிவையும் அந்தப் பயிற்சியே அவர்களுக்கு அளித்தது.